லோகாம்பாளின் தைலச் சீசா

லோகாம்பாளைப் பற்றிப் பசியாவரத்தில் யாரைக் கேட்டாலும் நல்லவள் என்றுதான் சொல்வார்கள். என்னைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். மற்றவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள், எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் என் ஓரகத்தி. என் புருஷன் சடையன் மூத்தவர், அவள் புருஷன் பூபதி அவருக்குத் தம்பி. இரண்டு குடிசைக்கும் ஒரே வாசல், நடுவில் ஓர் ஓலைத்தட்டி. அவள் வீட்டில் குழம்பு கொதித்தால் இந்தப் பக்கம் எனக்கு அதில் என்ன மீன் என்று தெரிந்துவிடும். இருபத்தைந்து வருஷமாக இப்படி ஒருத்தியின் பக்கத்திலேயே இருந்து பாருங்கள், அப்புறம் என்னைக் குறை சொல்லுங்கள்.

பழவேற்காட்டு ஏரிக்கு மேற்குக் கரையில் இருக்கும் ஆரம்பாக்கத்திலிருந்து, ஏரி நடுவில் இருக்கும் இந்தத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். வந்த அன்றே பார்த்தேன். ஒல்லிக்குச்சி உடம்பு, பேச்சு கிடையாது, எதைக் கேட்டாலும் ஒரு தலையாட்டல். "இவ தண்ணில எறங்கினா சேறே இவள முழுங்கிடும்" என்று எதிர்வீட்டுத் தெய்வநாயகியிடம் சொல்லிச் சிரித்தேன். தெய்வநாயகியும் சிரித்தாள். அப்போது எனக்கு லோகாம்பாள்மேல் பொறாமை கிடையாது. பாவம் என்றுகூட நினைத்தேன். நாம் மேலே இருக்கும்வரை அடுத்தவரைப் பாவம் என்று நினைப்பது சுலபம்.

எங்கள் தீவில் ஆண்கள் தோணியும் வலையுமாகப் போவார்கள். பெண்களுக்கு வலை கிடையாது, கைதான். உட்கார்ந்தால் மார்பளவு வரும் தண்ணீரில் முட்டிபோட்டு, இரண்டு உள்ளங்கையையும் சேற்றில் பரப்பித் தடவிக்கொண்டே நகர வேண்டும். விரல் நுனியில் சின்னதாக ஒரு துடிப்பு தட்டும். அது இறாலா, நண்டா, கெளுத்தியா என்று அந்த நொடியிலேயே விரல் சொல்லிவிட வேண்டும். இறால் என்றால் அமுக்கு. நண்டு என்றால் பின்பக்கமாகப் பிடி. கெளுத்தி என்றால் கையை எடு, அதன் முள்ளில் விஷம். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலைப்பறி. கை இரண்டும் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வோம். விடிந்ததிலிருந்து வெயில் உச்சிக்கு வரும்வரை கடித்தது கடித்தபடிதான். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு முப்பது வயதிலேயே பல் ஆட ஆரம்பிப்பது இதனால்தான்.

வரிசையாகத்தான் தண்ணீரில் இறங்குவோம். முதலில் போகிறவளுக்குக் கலங்காத சேறு கிடைக்கும். பின்னால் வருகிறவர்களுக்கு அவள் விட்டது. அந்த முதல் ஆளைத் தலைப்பறி என்போம். தை அமாவாசைக்கு மறுநாள் காலையில் எல்லாப் பெண்களும் ஒருத்தி விடாமல் இறங்குவோம். வெயில் உச்சிக்கு வந்ததும் கரையேறிப் பறிகளை வரிசையாக வைப்போம். யாருடைய பறி கனமோ அவள்தான் அடுத்த தை வரைக்கும் தலைப்பறி. நான் ஏழு வருஷம் தலைப்பறியாக இருந்தவள். பெண் கேட்டு வெளியூரிலிருந்து யாராவது வந்தால், "அதோ போறா பாரு, அவதான் தலைப்பறி ராஜாத்தி" என்று என்னைக் காட்டுவார்கள். எனக்கு நகை கிடையாது, நிறம் கிடையாது, என் நைனா சீதனமாகக் கொடுத்தது ஓர் ஓட்டைத் தோணி. இந்தக் கை ஒன்றுதான் எனக்கு இருந்த பெருமை.

எட்டாவது வருஷம் அந்தப் பெருமையை லோகாம்பாள் வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்கு முந்தின ஐப்பசியில் அவளுக்குப் பல்வலி வந்தது. கன்னம் ஒருபக்கம் வீங்கி, பறிக்கயிற்றைக் கடிக்க முடியாமல் வரிசையின் கடைசியில் தடுமாறிக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, பொய் சொல்வானேன். அப்போது பழவேற்காட்டுக் கோட்டையில் ஒலாந்தாக்கார வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். கோட்டை வைத்தியரின் சமையற்கட்டுக்கு வாரம் இரண்டு நாள் நண்டு கொண்டுபோய்ப் போடுவது லோகாம்பாள்தான். வைத்தியரிடம் மருந்து அரைத்துக் கொடுக்கும் சாலமன் என்கிற நம்ம ஊர்க்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப்போனாராம். வைத்தியர் ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டார். மற்ற பற்களுக்கென்று சாலமன் ஒரு சின்னச் சீசாவைக் கொடுத்தனுப்பினார். அதில் இருந்தது கிராம்புத் தைலம். கடல்தாண்டி எங்கோ தீவிலிருந்து கப்பலில் வந்தது. வழியில் மூடி கசிந்து பாதி வழிந்துபோய்விட்டதால்தான் அது ஒரு நண்டுக்காரியின் கைக்கு வந்தது.

அந்தச் சீசாவைப் பார்க்க ஊரே வந்தது. கட்டைவிரல் உயரத்தில் பச்சை நிறக் கண்ணாடி, அரக்கு வைத்த மூடி. மூடியைத் திறந்தாள் பாருங்கள், குடிசை முழுக்க ஒரே வாசனை. கிராம்பு என்றால் கல்யாணத்தில் வெற்றிலையோடு ஒன்றே ஒன்று வைப்பார்கள், அதுவும் சம்பந்திக்குத்தான். இதில் எத்தனை ஆயிரம் கிராம்போ. ஒல்லிக்குச்சிக்கு வந்த வாழ்வைப் பார்த்தியா என்று எனக்கு வயிறு எரிந்தது.

தைலத்தைவிட அவள் அதை வைத்துப் பண்ணின சடங்குதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு சிப்பி நிறைய நல்லெண்ணெய் எடுப்பாள். ஈர்க்கு நுனியைச் சீசாவுக்குள் விட்டு, ஒரே ஒரு சொட்டை அதில் விடுவாள். கலக்குவாள். பஞ்சில் நனைத்து, வலிக்கிற பல்லில் மட்டும் வைப்பாள். ஊறும் எச்சிலை முழுங்காமல் வெளியே போய்த் துப்பிவிட்டு வருவாள். முதல்முதலில் பல்லில் வைப்பதற்கு முன்னால் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, சிவக்கிறதா என்று ஒருநாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல்வலியோடு. அப்புறம் மூடியை இறுக்கி, துணியில் சுற்றி, அடுப்புக்குத் தூரமாக, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் உறியில் வைப்பாள்.

"ஏண்டி, தைலமா, தங்கமா?" என்று கேட்டேன்.

"சாலமன் அண்ணன் சொன்னாருக்கா. அப்படியே போட்டா தோலு வெந்துடுமாம்."

எதற்கெடுத்தாலும் சாலமன் அண்ணன் சொன்னார். சாலமன் சொல்லியிருந்தால் மூச்சைக்கூட அளந்து விட்டிருப்பாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், இவள் அளந்தும் போடாத ரகம் என்று தெய்வநாயகியிடம் சொன்னேன்.

அந்த மார்கழியில் என் கடைசிக் குழந்தைக்குச் சளி பிடித்தது. ஆறு மாதக் குழந்தை, மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் அழுதது. மார்பில் தடவ ஒரு சொட்டுத் தைலம் கேட்டேன். லோகாம்பாள் உறியைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"ஆறு மாசப் புள்ளக்கா. இந்த நெடி அதுக்குத் தாங்காது. மூச்சு தெணறிடும்."

"குடுக்க மனசில்லன்னு சொல்லேன். அதுக்கு இன்னாத்துக்கு என் புள்ள மூச்ச இழுக்கிற?"

அவள் குழந்தையை என் கையிலிருந்து வாங்கி, மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தடவிக்கொண்டே சாயங்காலம்வரை இருந்தாள். இரண்டு நாளில் குழந்தைக்குச் சளி விட்டுவிட்டது. எனக்குத்தான் விடவில்லை.

அதற்கப்புறம் எனக்கே கடைவாய்ப் பல் வலித்தது. இந்தத் தடவை கேட்டவுடன் கொடுத்தாள். சிப்பியில் நல்லெண்ணெய், அதில் ஒரு சொட்டு. மோந்து பார்த்தேன். எண்ணெய் வாசனைதான் தூக்கலாக இருந்தது. சுத்தமானதைத் தனக்கு வைத்துக்கொண்டு மூத்தவளுக்குத் தண்ணி காட்டுகிறாள் என்று தோன்றியது. வீட்டுக்குப் பின்னால் போய்ச் சிப்பியோடு விட்டெறிந்தேன். பல்வலியை மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

அடுத்த மாதம் தை அமாவாசை வந்தது. மறுநாள் இறங்கினோம். கரையேறிப் பறிகளை வைத்தபோது அவள் பறி என் பறியைவிடக் கனமாக இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, தூக்கிப் பார்க்கவே வேண்டாம், கண்ணுக்கே தெரிந்தது. ஏழு வருஷம் தலைப்பறியாக இருந்தவள் ஈரப்புடவையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். தெய்வநாயகியும் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

இன்று யோசித்தால் காரணம் சுலபம். பல்வலி போனதும் அவளால் கயிற்றைக் கடித்துக்கொண்டு முழு நேரமும் தண்ணீரில் இருக்க முடிந்தது. அவள் கையும் நல்ல கை. ஆனால் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வருமா? வேறு காரணம் தேடினேன். அவள் பக்கத்தில் போனாலே கிராம்பு வாசனை. பறிக்கயிற்றில்கூட அடித்தது. எங்கள் ஆண்கள் நண்டுக்கயிற்றில் அழுகின மீனைக் கட்டித்தான் நண்டை வரவழைப்பார்கள். தண்ணீரில் வாசனை கரைந்தால் வாயுள்ளது தேடி வரும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். எனக்குப் புரிந்துவிட்டது. பல்லுக்கு என்பதெல்லாம் பேச்சுக்கு. அவள் கையில் தைலத்தைத் தடவிக்கொண்டு இறங்குகிறாள், இறால் தானாக வந்து உள்ளங்கையில் ஏறிக்கொள்கிறது. எனக்குக் கொடுத்தது எண்ணெய் கலந்தது, குழந்தைக்குக் கொடுக்காதது குறைந்துவிடும் என்று. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. பொறாமை பிடித்தவளுக்கு எல்லாம் பொருந்தும்.

ஒரு வருஷம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே தண்ணீரில் நகர்ந்தேன். அவள் கலக்கிவிட்ட சேற்றைத் தடவினேன். அடுத்த தையில் என் இடம் எனக்குத் திரும்ப வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அம்மன் பேசாமல் இருந்தாள். நானே பார்த்துக்கொள்வதென்று முடிவு செய்தேன்.

அமாவாசைக்கு மறுநாள் விடிகாலை லோகாம்பாள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனாள். பூபதி தோணியைத் தள்ளப் போயிருந்தார். நான் தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போய் உறியை இறக்கினேன். சீசாவில் கால்பாகம் இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகியும் கால்பாகம். ஈர்க்கும் சிப்பியும் பக்கத்திலேயே இருந்தன. எனக்கெதற்கு அதெல்லாம்? உள்ளங்கையில் கவிழ்த்தேன். தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல இரண்டு கையிலும் மணிக்கட்டுவரை தேய்த்துக்கொண்டேன். மிச்சத்தைப் பறிக்கயிற்றில் ஊற்றி ஊறவைத்தேன். அடியில் நாலு சொட்டு விட்டு மூடி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

தண்ணீரில் இறங்கும்போதே கை எரிய ஆரம்பித்தது. தினமும் சிப்பியும் நண்டும் கீறிக் கீறி எங்கள் கையில் காயமில்லாத இடம் கிடையாது. ஒவ்வொரு கீறலும் தனித்தனியாக எரிந்தது. எரிந்தால்தான் மருந்து என்று சொல்லிக்கொண்டேன். தண்ணீரில் அலசினேன், எண்ணெய்ப்பசை போகவில்லை, மேலே பளபளவென்று மிதந்ததோடு சரி. கயிற்றைக் கடித்தேன். நாக்கும் உதடும் முதலில் மிளகாயைக் கடித்ததுபோல் எரிந்து, அப்புறம் மரத்துப்போயின. வாயோரத்தில் எச்சில் ஒழுகுவதே பக்கத்தில் வந்தவள் சிரித்தபோதுதான் தெரிந்தது.

இறால் எதுவும் வரவில்லை. வாசனைக்கு வரும் என்று பார்த்தால் இருந்ததும் விலகிப் போனதோ என்னவோ. கொஞ்ச நேரத்தில் கை எரிச்சல் அடங்கியது. நல்லதாயிற்று என்று நினைத்தேன். அடங்கினது எரிச்சல் மட்டுமில்லை. சேற்றைத் தடவினேன், சேறு தெரியவில்லை. சிப்பியைத் தொட்டேன், துணிக்கு மேலே தொட்டதுபோல் இருந்தது. எட்டு வயதிலிருந்து என்னோடு பேசிக்கொண்டிருந்த விரல் பேச்சை நிறுத்திவிட்டது. எனக்குப் பயம் வந்தது. முன்னால் லோகாம்பாளின் பறி கனத்துத் தண்ணீரில் தாழ்ந்து போவது தெரிந்தது. விட மனசில்லாமல் கையில் ஏதோ தடுக்கியதை, தடுக்கியது என்று தோளுக்குத் தெரிந்ததை, அமுக்கிப் பிடித்தேன்.

தண்ணீரில் ரத்தம் மேலே வந்தபிறகுதான் பார்த்தேன். கெளுத்தி. முள் வலதுகையில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இறங்கி நின்றிருந்தது. கத்த வாயைத் திறந்தேன், கயிறு நழுவிப் பறி கவிழ்ந்தது. கத்தவும் முடியவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டால் எதைச் சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக வாயை மூடிக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கவிழ்ந்த பறி மிதந்து வரிசைக்கு முன்னால் போயிருக்கிறது. லோகாம்பாள் திரும்பிப் பார்த்தாள். வாயிலிருந்த கயிற்றை விட்டுவிட்டு, தண்ணீரை வாரித் தள்ளிக்கொண்டு வந்தாள். என் கையைத் தூக்கி மோந்தாள். அவ்வளவுதான், அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"எவ்ளோ போட்டுக்கின?"

நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"சொல்லுக்கா, எவ்ளோ?"

"எல்லாம்" என்றேன். மரத்த நாக்கில் அது குழறி வந்தது.

கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனேன். பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். "கண்ணத் தொடாத. கண்ணு போயிடும்." குடத்துத் தண்ணீரைக் கேட்டேன், கொடுக்கவில்லை. "தண்ணிக்கு அது போவாது. எண்ணெயத்தான் போட்டு எடுக்கணும்." வீட்டுக்கு ஓடி நல்லெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். முள்ளைப் பிடுங்கினாள். துணியை எண்ணெயில் நனைத்துக் கையைத் துடைத்தாள். அந்தத் துணியை எறிந்துவிட்டு வேறு துணி. மறுபடி வேறு துணி. அப்புறம் பயத்தமாவு போட்டுத் தேய்த்து, அதற்கப்புறம்தான் தண்ணீர். வாய்க்குத் தேங்காய்ப்பால் கொடுத்து, "கொப்பளிச்சித் துப்பு, முழுங்காத" என்றாள். கெளுத்தி விஷத்துக்குக் கையைச் சுடுதண்ணீரில் வைப்பது எங்கள் வழக்கம். பானை வந்ததும் நான் கையை விடப்போனேன். அவள் தடுத்து, முதலில் தன் முழங்கையை அதில் வைத்துப் பார்த்தாள்.

"உன் கைக்குச் சூடு தெரியாதுக்கா. வெந்துபோனாகூடத் தெரியாது."

இதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பெண்கள் கரையேறினார்கள். பறிகளை வரிசையாக வைத்தார்கள். லோகாம்பாள் விட்டுவிட்டு வந்த பறி காலியாக எங்கோ நாணல் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. தெய்வநாயகியின் பறிதான் கனம். தெய்வநாயகி தலைப்பறி.

அங்காளம்மன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன். கை வீங்கிக்கொண்டிருக்கிறது, அவள் மடியில்தான் அந்தக் கை கிடக்கிறது. அப்போதும் என் மனசில் முதலில் வந்தது என்ன தெரியுமா? அப்பாடா, இவளுக்கும் கிடைக்கவில்லை. அந்தக் குளிர்ச்சி கொஞ்ச நேரம் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிக்காது.

கூட்டம் கலைந்தபின் மெதுவாகச் சொன்னாள். "காலைலயே சீசாவப் பார்த்தேன். லேசா இருந்திச்சி. பல்லு ரொம்ப வலிக்குதோன்னு நெனச்சிக்கினேன்."

"அப்பவே கேக்கிறதுதானே?"

"கேட்டா நீ எடுக்கலன்னு சொல்லுவ. அப்புறம் வலிச்சாக்கூட வந்து கேக்க மாட்ட."

முள் குத்தின இடம் பழுத்தது. பூபதி தோணியில் போய்ச் சாலமனைக் கூட்டிவந்தார். கீறிச் சீழை எடுத்துக் கட்டுப்போட்ட சாலமன், கையின் தோல் வெந்து உரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தைலத்தை இப்படி யார் போட்டது என்று கேட்டார். ஊர் ஜனம் வாசலில் நின்றிருந்தது. நான் கூரையைப் பார்த்தேன்.

"நான்தாண்ணா குடுத்தேன்" என்றாள் லோகாம்பாள். "அளவு சொல்ல மறந்துட்டேன்."

சாலமன் நல்ல மனுஷர், ஆனால் கோபம் வந்தால் நிறுத்தமாட்டார். எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தேன், ஓர் ஆளுடைய கையைக் கெடுத்துவிட்டாயே, உன்னை நம்பிக் கொடுத்தேனே என்று எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினார். போகும்போது சீசாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. நாக்கு மரத்திருந்தது என்று சொல்லிவிடலாம், ஆனால் அது மரத்தது நாலு நாளுக்கு முன்னால்.

ஒரு மண்டலம் எனக்குச் சோறு ஊட்டினாள், தலை சீவினாள், புடவை கட்டிவிட்டாள். என் குழந்தையை அவள் இடுப்பில் வைத்துக்கொண்டாள். அளவு சொல்லாமல் மருந்து கொடுத்தவள் செய்யட்டுமே, செய்ய வேண்டியதுதானே என்று பெண்கள் பேசிக்கொண்டது தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். ஒவ்வொரு கவளத்தையும் முழுங்கும்போது, இவளால் எப்படி இது முடிகிறது என்று எரிந்தேன். அவள் பறியைப் பார்த்துப் பட்ட பொறாமை இதோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

கை ஆறியது. ஆனால் குத்துப்பட்ட அந்த இரண்டு விரலுக்கும் பழைய உணர்ச்சி திரும்பவில்லை. இனி நான் தலைப்பறி ஆக முடியாது என்பது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். தைலம் இல்லாததால் அவளுக்குப் பல்வலி திரும்பி வந்தது. கயிற்றை இடப்பக்கப் பல்லால் கடித்துக்கொண்டு வந்தாள், அப்போதும் தெய்வநாயகிக்கு அடுத்து அவள் பறிதான் கனமாக இருந்தது.

அடுத்த தை அமாவாசையும் போனது. மறுநாள் கரையில் நின்றோம். இந்த வருஷம் லோகாம்பாள் திரும்ப எடுத்துவிடுவாள் என்று பேச்சு. தெய்வநாயகிக்கே அந்தப் பயம் இருந்தது. நான் வரிசையின் கடைசியில் போய் நின்றேன், அதுதான் என் இடம். பக்கத்தில் யாரோ தண்ணீரில் இறங்குகிற சத்தம். லோகாம்பாள்.

"இன்னாடி, இங்க இன்னா பண்ற? முன்னால போ."

"உன் வலது கைக்குக் கெளுத்தி வந்தா தெரியாதே. உன்ன நம்பித் தண்ணில விட முடியாது."

"எனக்கு யாரும் வேணாம். போடி" என்று தோளைப் பிடித்துத் தள்ளினேன். நகரவில்லை. கயிற்றைக் கடித்துக்கொண்டாள், அதற்குமேல் பேச்சு ஏது? எல்லோரும் கலக்கிவிட்டுப் போன சேற்றில், என் வலது கைக்கு முன்னால் தன் இடது கையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். இரண்டு தடவை என் கையை வெடுக்கென்று தட்டிவிட்டாள். இரண்டும் கெளுத்திதான். எதற்காக நான் என் கையை வேகவைத்துக்கொண்டேனோ அதை இவள் வேண்டாத செருப்பைப்போல் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அவளைத் தண்ணீரில் அமுக்க வேண்டும்போல் இருந்தது.

கரையேறிப் பறிகளை வைத்தோம். பழக்கதோஷம், அவள் பறியையும் என் பறியையும் தூக்கிப் பார்த்தேன். என்னுடையது ஒரு பிடி கூடுதல். அவளை ஜெயித்துவிட்டேன். இரண்டு வருஷமாக எதற்கு ஏங்கினேனோ அது கையில் இருந்தது, அதில் ஒரு ருசியும் இல்லை.

தெய்வநாயகி மறுபடியும் தலைப்பறி. ஜெயித்த வாய் சும்மா இருக்குமா? லோகாம்பாளின் பறிக்குள் எட்டிப் பார்த்து, "ஒருத்தி கையக் கெடுத்த கைக்கு எங்கேருந்து இறால் வரும்?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். லோகாம்பாள் கயிற்றைப் பிழிந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவ குடுக்கல" என்றேன். "நான்தான் திருடினேன். உறியில இருந்தத எறக்கி நானே கையில கொட்டிக்கினேன். தலைப்பறி வேணும்னு. அவமேல ஒண்ணும் கெடையாது."

சிரிப்பு நின்றது. ஏழு வருஷம் எனக்கு வழிவிட்ட பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி மெதுவாகத் தன் பறியை என் பறிக்குப் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தாள். நான் லோகாம்பாளைப் பார்த்தேன். அழுவாள், அல்லது கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அவளுக்கு இப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"ஒரு வருசம் எல்லார்கிட்டயும் பேச்சு கேட்டேன்" என்றாள். "நீ இந்த ஊர்ல தலை நிமிர்ந்து நடக்கணும்னு கேட்டேன். அத்தனையும் இப்படித் தண்ணில கொட்டிட்டியே."

பறியை எடுத்துக்கொண்டு விடுவிடென்று நடந்துபோனாள். நாலு நாள் என்னோடு பேசவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள், விறகைப் படாரென்று முறிப்பாள். ஊர் என்னைத் திருடி என்றது, வழியில் பார்த்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். தலையைக் குனிந்துகொண்டு வந்து வாசலில் உட்கார்வேன். அந்தப் பாத்திரச் சத்தத்தைக் கேட்பேன். அவள் எனக்காக வைத்திருந்த ஒன்றை நான் அவளுக்காகப் போட்டு உடைத்துவிட்டேன், அவளால் அதைத் தாங்க முடியவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் நான் அவளை முந்தினேன்.